ஸாமரின் ஃபார்ம்ஸ் செயலியை டாட்நெட் மௌயிக்கு மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சி ஷார்ப் மொழியில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் செயலிகள் எழுத உதவிய மைக்ரோசாஃப்டின் ஸாமரினுக்கான ஆதரவு 2024 மே 1 அன்று முடிந்துவிட்டது; அதன் வாரிசுதான் டாட்நெட் மௌயி. ஸாமரினின் கடைசி எஸ்டிகே (செயலி உருவாக்கும் கருவித்தொகுப்பு) ஆண்ட்ராய்டு ஏபிஐ 34 (அதாவது ஆண்ட்ராய்டு 14), ஆப்பிளின் பில்ட் கருவியான எக்ஸ்கோட் 15 ஆகியவற்றைத் தாண்டிப் போகாது. ஆப்பிளோ 2025 ஏப்ரல் 24 முதல் எக்ஸ்கோட் 16 அல்லது அதற்குப் பிந்தையதில் பில்ட் செய்த செயலிகளைத்தான் வாங்கிக்கொள்ளத் தொடங்கியது. கூகுள் பிளேயும் 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் அப்டேட்டுகளும் ஏபிஐ 35-ஐக் குறிவைத்திருக்க வேண்டும் என்கிறது. போன்களில் ஏற்கெனவே இருக்கும் ஸாமரின் செயலி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திக்கூட இனி ஸ்டோருக்கு அனுப்ப முடியாது.

முதன்முறை மாற்றுபவர்கள் பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். முதல் நாளே திரை அமைப்பை விவரிக்கும் ஸாமல் கோப்புகளைத் திறந்து திரைகளைச் சரிசெய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். பயனரின் போனில் சேமித்துவைத்த தரவு என்னவாகும் என்ற கேள்வி, புதிய பதிப்பை வெளியிட்ட பிறகு, புகார்கள் வரும்போதுதான் எழுகிறது. கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காக அமைத்தது. ஸாமரின் ஃபார்ம்ஸில் செயலி எழுதிப் பழகியவர், சி ஷார்ப் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. எந்தப் பதிப்புக்குப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள்

இதில் ஒரு பொறி இருக்கிறது. டாட்நெட் 8 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2026 நவம்பர் வரை ஆதரவு உண்டு என்று படித்துவிட்டு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. மௌயிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மௌயியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 18 மாத ஆதரவுதான்; அடுத்த பதிப்பு வந்து ஆறு மாதத்தில் முந்தையது முடிந்துவிடும். டாட்நெட் 8-இன் மௌயி 2025 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது.

ஆகவே இன்று தொடங்குபவர் 2025 நவம்பரில் வந்த டாட்நெட் 10-க்கோ, தொடங்கும் நாளில் அதைவிடப் புதிதாக எது இருக்கிறதோ அதற்கோ நேராகப் போவது நல்லது. இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்கள் டாட்நெட் 6 காலத்தவை. அவற்றில் வரும் சில வழிகள் இப்போது விலக்கப்பட்டவை என்பதை நினைவில் வையுங்கள்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கையொப்பச் சாவி. ஆண்ட்ராய்டு கீஸ்டோர் கோப்பு, அதன் கடவுச்சொல், அலியஸ் மூன்றும் யாரிடம் இருக்கின்றன என்று இன்றே கண்டுபிடியுங்கள். ஐஓஎஸ் பக்கத்தில் பண்டில் ஐடி, சான்றிதழ், புரொவிஷனிங் புரொஃபைல். வேறு சாவியால் கையொப்பமிட்ட செயலி பழையதன் மேல் அப்டேட்டாக உட்காராது. சாவி பழைய பில்ட் கணினியில் மட்டும் இருந்து, அந்தக் கணினியை யாரோ ஃபார்மேட் செய்துவிட்டால் அது தனிக் கதை.

அடுத்து, கடைசியாக வெளியிட்ட பழைய செயலியின் நிறுவக்கூடிய பிரதி. மூல நிரல் இருக்கிறதே, தேவைப்படும்போது பில்ட் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஸாமரின் சூழலை நாளைக்குப் புதிதாக ஒரு கணினியில் அமைப்பது பெரிய தொல்லை. ஒன்பதாவது படிக்கு இந்தப் பிரதி இல்லாமல் முடியவே முடியாது.

பழைய செயலியின் ஒவ்வொரு திரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வெறும் பட்டியல், நிரம்பிய பட்டியல், பிழைச் செய்தி வந்த நிலை, டார்க் தீம் என எல்லா நிலைகளையும் எடுங்கள். புதியதில் இடைவெளி மாறியிருக்கிறதா என்று நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

கருவிகள் பற்றி இரண்டு வரி. விஷுவல் ஸ்டுடியோ ஃபார் மேக் 2024 ஆகஸ்ட் 31-உடன் நிறுத்தப்பட்டது. மேக்கில் வேலை செய்பவர்கள் விஎஸ் கோடும் அதற்கான மௌயி எக்ஸ்டென்ஷனும் பயன்படுத்தலாம், இல்லையேல் ரைடர். ஐஓஎஸ் பில்டுக்கு மேக்கும் எக்ஸ்கோடும் இப்போதும் கட்டாயம். விஷுவல் ஸ்டுடியோ ஆப் சென்டரில் பில்ட் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அந்தச் சேவையும் 2025 மார்ச் 31 அன்று ஓய்வுபெற்றுவிட்டது. தானியங்கி பில்டுக்கு வேறு இடம் பார்க்கும் வேலையையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. பேக்கேஜ்களைப் பட்டியலிடுங்கள்

செயலியை மாற்ற முடியுமா, முடியாதா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் நிரலைவிட நீங்கள் சார்ந்திருக்கும், பிறர் எழுதிய லைப்ரரிகளான நியூகெட் பேக்கேஜ்கள்தான். நிரலைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு பேக்கேஜும் எதைக் குறிவைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். டாட்நெட் ஸ்டாண்டர்டுக்கு எழுதப்பட்டு, ஸாமரின் ஃபார்ம்ஸைச் சாராதது அப்படியே ஓடும். பழைய மோனோ ஆண்ட்ராய்டு பேக்கேஜ்களைப் புதிய ஆண்ட்ராய்டு பில்ட் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஸாமரின் ஐஓஎஸ்ஸுக்கு எழுதப்பட்டதைப் புதிய ஐஓஎஸ் பில்ட் ஏற்கவே ஏற்காது. ஆண்ட்ராய்டில் எல்லாம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஐஓஎஸ்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஸாமரின் ஃபார்ம்ஸைச் சார்ந்த பேக்கேஜ்களுக்கு மாற்று தேட வேண்டும். பரவலாகப் பயன்பட்டவற்றுக்கு வழி இருக்கிறது. ஸாமரின் கம்யூனிட்டி டூல்கிட்டின் இடத்தில் கம்யூனிட்டி டூல்கிட் மௌயியும் கம்யூனிட்டி டூல்கிட் எம்விவிஎம்மும் இருக்கின்றன. ஆர்ஜி பிளகின்ஸ் பாப்அப்புக்குப் பதில் மாப்அப்ஸ். ஸ்கியா ஷார்ப்புக்கு மௌயிக்கெனத் தனி வியூ பேக்கேஜ் உண்டு. வரைபடத்துக்கு மௌயியின் மேப்ஸ் பேக்கேஜ். போனின் வசதிகளைத் தொட உதவிய ஸாமரின் எசென்ஷியல்ஸ் தனி பேக்கேஜாக இல்லாமல் மௌயிக்குள்ளேயே வந்துவிட்டது.

கட்டாயம் வேண்டிய ஒரு பேக்கேஜுக்கு மாற்றே இல்லை என்று தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். அச்சு இயந்திரம், பணம் செலுத்தும் கருவி, பார்கோட் ஸ்கேனர் போன்றவற்றின் எஸ்டிகேக்கள் பெரும்பாலும் இந்த வகையில் சேரும். அந்த எஸ்டிகேக்கு நீங்களே புதிய பைண்டிங் (அதை சி ஷார்ப்பிலிருந்து அழைக்கும் இணைப்பு நிரல்) எழுத வேண்டியிருக்கலாம். அதற்கான நேரம் தெரியாமல் மொத்த வேலைக்கும் தேதி சொல்லாதீர்கள்.

4. பழைய செயலியிலேயே முடிக்கக்கூடியதை முடியுங்கள்

பழைய செயலி இன்னும் உங்கள் கணினியில் பில்ட் ஆகிறதா? அப்படியானால் இந்தப் படி மிகவும் லாபமானது. பில்ட் ஆகாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். இதற்காகப் பழைய சூழலை மீட்டெடுக்க வேண்டியதில்லை.

காரணம் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியில் செய்த மாற்றத்தை உடனே ஓட்டிச் சரிபார்க்கலாம். அதே மாற்றத்தைப் பாதி நகர்ந்த செயலியில் செய்தால், பிழை மாற்றத்தால் வந்ததா, நகர்த்தியதால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

இங்கே செய்ய வேண்டியவை: ஸாமரின் ஃபார்ம்ஸ் 5-க்கு வந்துவிடுங்கள். மாடல்கள், தரவுத்தள அடுக்கு, சர்வருடன் பேசும் பகுதி, கணக்குகள் ஆகியவற்றை ஸாமரின் ஃபார்ம்ஸ் வாசனையே இல்லாத ஒரு டாட்நெட் ஸ்டாண்டர்டு 2.0 லைப்ரரிக்கு நகர்த்துங்கள். அந்த லைப்ரரி பிறகு ஒரு வரிகூட மாறாமல் மௌயிக்கு வந்துவிடும். செயலியின் பகுதிகளுக்கிடையே செய்தி அனுப்பும் மெசேஜிங் சென்டரை கம்யூனிட்டி டூல்கிட் எம்விவிஎம்மின் மெசெஞ்சராக மாற்றுங்கள். டாட்நெட் 10-இல் மெசேஜிங் சென்டர் வெளியிலிருந்து எட்டாதபடி மூடப்பட்டுவிட்டது. ரிலேட்டிவ் லேஅவுட் இருந்தால் கிரிட்டாக மாற்றுங்கள். யாரும் போகாத திரைகளை அழியுங்கள். இல்லாத திரையை நகர்த்தும் செலவு பூஜ்யம்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. இதுதான் சமயம் என்று புதிய வடிவமைப்பு, புதிய வழிசெலுத்தல் முறை, புதிய கட்டமைப்பு என்று சேர்க்காதீர்கள். குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். பழைய ஸ்கிரீன்ஷாட்டுடன் ஒப்பிட முடியாமல் போகும் அந்த நிமிடமே உங்கள் சோதனைக்கான அளவுகோல் போய்விடும்.

5. வெற்றுப் புராஜெக்ட்டை முதலில் ஓடவையுங்கள்

பழைய புராஜெக்ட் கோப்புகளையே திருத்தி மேலே கொண்டுபோகலாம், அல்லது புதிய மௌயி புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி நிரலை அதற்குள் கொண்டுவரலாம். அப்கிரேட் அசிஸ்டன்ட் என்ற கருவி (மைக்ரோசாஃப்ட் இப்போது அதை விலக்கிவிட்டது) முதல் வழிக்கு உதவும். பெயர்வெளிகளையும் பேக்கேஜ் பெயர்களையும் அதுவே மாற்றித் தரும். ஆனால் எதை மாற்றியது, எதை விட்டது என்று தெரியாத நிலையில் நூற்றுக்கணக்கான பிழைகளுடன் உட்கார வேண்டிவரும். சிறிய செயலிக்குப் பரவாயில்லை. மற்றபடி நான் புதிய புராஜெக்ட்டைத்தான் பரிந்துரைப்பேன். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐஓஎஸ்ஸுக்கு ஒன்று என்றிருந்த புராஜெக்ட்கள் ஒன்றாகிவிடும் என்பது கூடுதல் வசதி.

புதிய புராஜெக்ட்டில் செயலியின் அடையாளத்தைப் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வையுங்கள். பதிப்பு எண் பழையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் பேக்கேஜ் பெயரும் ஐஓஎஸ்ஸின் பண்டில் ஐடியும் வேறு வேறாக இருந்த பழைய செயலிகள் நிறைய. புதியதில் இரண்டுக்கும் ஒரே புலம்தான். அப்படிப்பட்ட செயலிக்கு புராஜெக்ட் கோப்பில் தளம் பார்த்துத் தனித்தனி மதிப்பு கொடுங்கள்.

அப்புறம் மெயின் ஆக்டிவிட்டி. ஆண்ட்ராய்டு வகுப்புகளின் ஜாவாப் பெயரை அசெம்பிளி, பெயர்வெளி ஆகியவற்றிலிருந்து ஒரு ஹேஷ் எடுத்து டாட்நெட் உருவாக்குகிறது. புராஜெக்ட்டின் பெயர் மாறினால் அந்தப் பெயரும் மாறிவிடும். அதனால் சில போன்களில் அப்டேட்டுக்குப் பிறகு முகப்புத் திரையில் வைத்திருந்த ஐகான் காணாமல் போகும். பழைய ஏபிகேயின் மேனிஃபெஸ்ட்டில் உள்ள பெயரை எடுத்து, ஆக்டிவிட்டி அட்ரிபியூட்டின் நேம் பண்பில் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை.

டெம்பிளேட்டோடு வரும் ஸ்டைல்ஸ் கோப்பைக் காலி செய்யுங்கள். அதில் பட்டன், என்ட்ரி, லேபிள் எல்லாவற்றுக்கும் நிறம், எழுத்தளவு, குறைந்தபட்ச உயரம் என்று மறைமுக ஸ்டைல்கள் இருக்கின்றன. அவை நீங்கள் கேட்காமலேயே உங்கள் திரைகள் மேல் ஏறிக்கொள்ளும். பட்டன் ஏன் உயரமாகிவிட்டது என்று தேடும் ஒருவர் கடைசியில்தான் அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பார்.

இந்த வெற்றுச் செயலியை உண்மையான ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓட்டுங்கள். டீபக்கில் மட்டும் போதாது, ரிலீஸ் பில்டும் கையொப்பமும் சேர்த்து. உங்கள் நிரல் ஒரு வரிகூட இல்லாதபோது கையொப்பச் சிக்கல் வந்தால் அது கையொப்பச் சிக்கல்தான் என்று உறுதியாகத் தெரியும். குளோபல் ஜேசன் கோப்பில் எஸ்டிகே பதிப்பை எழுதிவைப்பதும் இப்போதே. குழுவில் ஒருவருக்கு பில்ட் ஆகி மற்றவருக்கு ஆகாத நிலையை அது பெரும்பாலும் தடுக்கும்.

6. நிரலை அடியிலிருந்து மேல்நோக்கி நகர்த்துங்கள்

வரிசை இது: முதலில் நான்காம் படியில் பிரித்த லைப்ரரி. பிறகு எசென்ஷியல்ஸைத் தொடும் சர்வீஸ்கள். பிறகு வியூ மாடல்கள். அதன்பின் மௌயி புரோகிராம் கோப்பில் பதிவுகள். கடைசியாகத் திரைகள், அதுவும் ஒன்று ஒன்றாக. ஒவ்வொரு கட்டத்திலும் பில்ட் பச்சையாக இருக்க வேண்டும், கிட்டில் ஒரு கமிட் விழ வேண்டும். எல்லாத் திரைகளையும் ஒரே மூச்சில் ஒட்டினால் பிழைப் பட்டியல் ஆயிரத்தைத் தாண்டும். ஒன்றைத் திருத்தினால் பத்து குறையும், இருபது புதிதாக முளைக்கும். எவ்வளவு முடிந்தது என்றே சொல்ல முடியாது.

பிழைகளில் பெரும்பகுதி ஒருசில வகைகளே திரும்பத் திரும்ப வருபவை. சி ஷார்ப் கோப்புகளில் ஸாமரின் பெயர்வெளிகளும், ஸாமல் கோப்புகளின் தலையில் இருக்கும் 2014-ஆம் ஆண்டு ஸ்கீமா முகவரியும் மாற வேண்டும். மௌயியின் ஸ்கீமா முகவரியில் 2021 என்று இருக்கும். இதை மொத்தமாகத் தேடி மாற்றலாம்.

நிறங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஸாமரினில் கலர் ஒரு ஸ்டிரக்ட். மௌயியில் அது வகுப்பு, அதாவது நல்லாக இருக்கலாம். பெயருள்ள நிறங்கள் கலர்ஸ் என்ற தனி வகுப்புக்குப் போய்விட்டன. கலர் டீஃபால்ட் என்பது இல்லை, அதன் இடத்தில் நல் வைக்க வேண்டும். இதனால் முன்பு ஒருபோதும் உடையாத கன்வெர்ட்டர்கள் ஓடும்போது உடையக்கூடும். கம்பைலர் இதைச் சொல்லாது.

டிவைஸ் வகுப்பில் இருந்தவையும் பிரிந்துவிட்டன. தளம் எது என்பதை டிவைஸ் இன்ஃபோ சொல்லும். மெயின் திரெட்டுக்கு மெயின் திரெட் வகுப்போ டிஸ்பேட்சரோ. முதல் திரையை மெயின் பேஜ் பண்பில் ஒதுக்கும் பழக்கம் டாட்நெட் 9-லிருந்து விலக்கப்பட்டது. கிரியேட் விண்டோ முறையை ஓவர்ரைடு செய்யுங்கள்.

பழைய ஃபோல்டரிலேயே வேலை செய்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பின், ஆப்ஜ் ஃபோல்டர்களை அழித்துவிட்டுத்தான் முதல் பில்டை ஓட்ட வேண்டும். பழைய இடைநிலைக் கோப்புகள் புதிய பில்டில் புகுந்து புரியாத பிழைகளைக் கிளப்பும். அசெம்பிளி இன்ஃபோ கோப்பையும் ஆண்ட்ராய்டின் ரிசோர்ஸ் டிசைனர் கோப்பையும் நீக்கிவிடுங்கள். இப்போது அவற்றை பில்டே உருவாக்குகிறது. இரண்டும் இருந்தால் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது என்று கத்தும்.

7. படங்களும் எழுத்துருக்களும்

இது எளிது. படங்கள் ரிசோர்சஸின் இமேஜஸ் ஃபோல்டருக்கும், எழுத்துருக்கள் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்கும், மற்ற கோப்புகள் ரா ஃபோல்டருக்கும் போகும். எஸ்விஜி கொடுத்தால் ஒவ்வொரு திரை அடர்த்திக்கும் தேவையான பிஎன்ஜியை பில்டே உருவாக்கிவிடும். ஆனால் ஸாமலில் அதை பிஎன்ஜி என்றே குறிப்பிட வேண்டும், எஸ்விஜி என்று எழுதினால் படம் வராது. கோப்புப் பெயரில் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு மட்டும், ஹைஃபன் வேண்டாம். ஐஓஎஸ் ஃபோல்டரில் ஹைஃபனும் பேரெழுத்துமாக இருந்த படங்களை மொத்தமாகப் பெயர் மாற்றிவிட்டு ஸாமலிலும் தேடி மாற்றுங்கள்.

8. திரை அமைப்பு: பிழை காட்டாமல் மாறிப்போனவை

பில்ட் வெற்றி, செயலி திறக்கிறது, ஆனால் எல்லாம் நெருக்கமாகவும் கோணலாகவும் இருக்கிறது. இந்த நிலையைக் கண்டு பலர் ஒவ்வொரு திரையிலும் மார்ஜினைக் கூட்டிக் குறைக்கத் தொடங்குகிறார்கள். வேண்டாம். மாறியிருப்பது சில இயல்பு மதிப்புகள்தான்.

கிரிட்டின் வரிசை இடைவெளி, நெடுவரிசை இடைவெளி, ஸ்டாக் லேஅவுட்டின் இடைவெளி மூன்றும் ஸாமரினில் இயல்பாக 6. மௌயியில் 0. செயலி முழுவதற்குமான ரிசோர்ஸில் இந்த மூன்றுக்கும் 6 என்று மறைமுக ஸ்டைல் எழுதிவிட்டால் பெரும்பாலான திரைகள் பழைய தோற்றத்துக்குத் திரும்பிவிடும். இதைச் செய்த பிறகே ஸ்கிரீன்ஷாட்டுகளை ஒப்பிட உட்காருங்கள்.

பாக்ஸ் வியூவுக்கு அளவு கொடுக்காவிட்டால் ஸாமரினில் 40-க்கு 40 என வரும், மௌயியில் 0. பிரிப்புக் கோடாக அதைப் பயன்படுத்திய இடங்களில் கோடு மறைந்துவிடும். கிரிட்டில் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். ஸாமரின் அவற்றைத் தானே ஊகித்துக்கொள்ளும், மௌயி செய்யாது. அறிவிக்காமல் விட்ட கிரிட்டில் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும்.

அதிக நேரம் தின்பது ஃபில் அண்ட் எக்ஸ்பாண்ட் வகைத் தேர்வுகள். பழைய ஸ்டாக் லேஅவுட் அவற்றை இன்னும் மதிக்கிறது, எச்சரிக்கையோடு. வெர்ட்டிக்கல் ஸ்டாக், ஹாரிசாண்டல் ஸ்டாக் லேஅவுட்டுகள் மதிப்பதே இல்லை. புதியவைதான் வேகமானவை என்று கேள்விப்பட்டு எல்லா ஸ்டாக் லேஅவுட்டையும் மொத்தமாக மாற்றிவிட்டு, அடியில் ஒட்டியிருந்த பட்டன் நடுவில் வந்து நிற்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம். மீதி இடத்தை நிரப்ப வேண்டிய இடத்தில் கிரிட்டைப் போட்டு அந்த வரிசைக்கு நட்சத்திர அளவு கொடுங்கள்.

இதன் உறவுக்காரச் சிக்கல் ஸ்க்ரோல் வியூ. ஸ்டாக் லேஅவுட்டுக்குள் ஸ்க்ரோல் வியூவோ கலெக்ஷன் வியூவோ இருந்தால், ஸ்டாக் அதற்கு எல்லையற்ற உயரம் கொடுக்கும். எல்லாம் ஏற்கெனவே தெரிகிறது என்று நினைத்து அது ஸ்க்ரோல் ஆகாது. பட்டியல் அசையவில்லை என்ற புகார் வந்தால் முதலில் அதன் பெற்றோர் யார் என்று பாருங்கள்.

ஃபிரேம் டாட்நெட் 9-இலும், லிஸ்ட் வியூ டாட்நெட் 10-இலும் விலக்கப்பட்டவை. இரண்டும் இன்னும் ஓடும். ஃபிரேமை பார்டராக மாற்றுவது சின்ன வேலை, செய்துவிடலாம். லிஸ்ட் வியூவை கலெக்ஷன் வியூவாக மாற்றுவது அப்படியல்ல. தேர்வு, இழுத்துப் புதுப்பித்தல், சூழல் மெனு எல்லாவற்றின் நடத்தையும் மாறும். நன்றாக ஓடும் லிஸ்ட் வியூவை முதல் வெளியீட்டில் தொட வேண்டாம் என்பதே என் கருத்து.

9. பயனரின் தரவு

இந்தப் படியைத் திரைகள் முடியும்வரை காத்திருக்காமல், ஆறாம் படியில் சர்வீஸ்கள் நகர்ந்தவுடனேயே தொடங்கிவிடலாம். படியின் எண்ணை மட்டும் பார்த்துக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள்.

டோக்கன், சாவி போன்ற ரகசியங்களை மறையாக்கிச் சேமிக்கும் செக்யூர் ஸ்டோரேஜிலிருந்து தொடங்குவோம். ஸாமரின் எசென்ஷியல்ஸும் மௌயியும் இதை வேறு வேறு பெயரில் சேமிக்கின்றன. பழையது செயலியின் அடையாளத்தோடு ஸாமரின் எசென்ஷியல்ஸ் என்ற பின்னொட்டைச் சேர்த்தது. புதியதில் மைக்ரோசாஃப்ட் மௌயி எசென்ஷியல்ஸ் பிரிஃபரன்ஸஸ் என்ற பின்னொட்டு. ஆண்ட்ராய்டில் மறையாக்கும் முறையும் வேறு. ஆகவே அப்டேட் ஆன செயலி பழைய டோக்கனைத் தேடும், நல் வரும், பயனர் வெளியே தள்ளப்படுவார். மீண்டும் உள்நுழைந்தால் போதும் என்றால் எரிச்சலோடு போயிற்று. தரவுத்தளத்தைத் திறக்கும் சாவியை அங்கே வைத்திருந்தால் தரவே போன மாதிரி.

தீர்வு, பழைய இடத்தைப் படிக்கும் ஒரு வகுப்பைப் புதிய செயலியில் சேர்ப்பது. மௌயியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் லெகசி செக்யூர் ஸ்டோரேஜ் என்ற பெயரில் அதற்கான முழு நிரலும் இருக்கிறது. புதிய இடத்தில் மதிப்பு இல்லையென்றால் பழையதில் தேடு, கிடைத்தால் புதியதில் எழுது, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார், பிறகே பழையதை நீக்கு. இந்த வரிசையில் செய்தால், நடுவில் செயலி மூடப்பட்டாலும் எதுவும் தொலையாது.

அப்ளிகேஷன் வகுப்பின் பிராபர்ட்டீஸ் அகராதி மௌயியில் இல்லவே இல்லை. அதில் சேமித்தவை பிராபர்ட்டி ஸ்டோர் என்ற கோப்பில் பயனரின் போனிலேயே கிடக்கின்றன. அதைப் படிக்கவும் ஆவணத்தில் ஒரு வகுப்பு உண்டு. படித்துப் பிரிஃபரன்ஸஸுக்கு மாற்றுங்கள். சாதாரணப் பிரிஃபரன்ஸஸ் பொதுவாக அப்படியே கிடைக்கும்.

அடுத்தது தரவுத்தளக் கோப்பின் பாதை. என்விரான்மென்ட்டின் பெர்சனல் அல்லது மை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைக் கேட்டுப் பாதை அமைத்த செயலிகள் ஏராளம். டாட்நெட் 8 முதல் ஆண்ட்ராய்டில் அது வேறு இடத்தைத் தருகிறது, முன்பு தந்த ஃபோல்டருக்குள் டாக்குமென்ட்ஸ் என்ற உள்ஃபோல்டரை. செயலி அங்கே கோப்பைத் தேடும், இல்லாததால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு அமைதியாக ஓடும். எந்தப் பிழையும் வராது. பயனரின் பட்டியல் மட்டும் காலி. பழைய செயலியில் அந்தப் பாதையை லாகில் அச்சிட்டு, புதியதில் வருவதோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால், முதல் திறப்பில் கோப்பை நகர்த்துங்கள். எஸ்க்யூலைட் பயன்படுத்தினால் வால், எஸ்ஹெச்எம் என்று முடியும் துணைக் கோப்புகளும் உடன் போக வேண்டும். கடைசியாக எழுதிய சில பதிவுகள் அவற்றில் இருக்கலாம்.

சோதிக்கும் முறை ஒன்றே ஒன்றுதான். பழைய செயலியின் பிரதியை நிறுவி, உள்நுழைந்து, நிஜமான அளவில் தரவு சேர்த்து, அமைப்புகளை மாற்றி, அதை அழிக்காமல் மேலே புதியதை நிறுவுங்கள். எமுலேட்டரில் சுத்தமாக நிறுவி ஓட்டிப் பார்ப்பது இந்தக் கேள்விக்குப் பதில் தராது. கையொப்பமும் அடையாளமும் சரியில்லை என்றால் மேலே நிறுவவே முடியாது; அதுவும் இங்கே தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்அப் செக்யூர் ஸ்டோரேஜ் கோப்பையும் எடுத்துவைக்கும். வேறு போனில் மீட்கும்போது சாவி பொருந்தாது. பேக்அப் விதிகளில் அதை விலக்கிவிடுங்கள்.

10. ரெண்டரர்களும் ஹேண்ட்லர்களும்

ஒரு கட்டுப்பாட்டை அந்தந்தத் தளத்தில் வரைவதை ஸாமரினில் ரெண்டரர் செய்தது, மௌயியில் ஹேண்ட்லர் செய்கிறது. பழைய கஸ்டம் ரெண்டரர்களை முதலில் எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு வரி எழுதுங்கள். என்ட்ரியின் அடிக்கோட்டை நீக்க, பார்டரின் மூலையை வளைக்க என்று எழுதியவை நிறைய இருக்கும். அவற்றில் பலவற்றுக்கு இப்போது தேவையே இல்லை, அல்லது ஹேண்ட்லரின் மேப்பரில் சில வரிகள் போதும். ஒரு சின்ன மாற்றத்துக்காக முழு ஹேண்ட்லர் எழுத வேண்டியதில்லை.

மேப்பரில் சேர்த்த மாற்றம் செயலியில் உள்ள அந்த வகைக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு திரையின் என்ட்ரிக்கு மட்டும் வேண்டுமென்றால், என்ட்ரியிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து, மேப்பருக்குள் அந்த வகையா என்று சோதியுங்கள்.

எக்ஸ்போர்ட் ரெண்டரர் அட்ரிபியூட் எழுதினால் தானே பதிவாகிவிடும் என்ற பழைய ஏற்பாடு மௌயியில் கிடையாது. எதுவாக இருந்தாலும் மௌயி புரோகிராம் கோப்பில் நீங்களே பதிவு செய்ய வேண்டும். நேரமே இல்லாத சிக்கலான ரெண்டரருக்கு கம்பாட்டிபிலிட்டி பேக்கேஜ் வழியாக ஓர் இடைக்கால வழி உண்டு. அதை ஒன்றிரண்டுக்கு மேல் பயன்படுத்தினால் அதே வேலை அடுத்த வருடம் திரும்பி வரும்.

11. ரிலீஸ் பில்டைத் தினமும் ஓட்டுங்கள்

டீபக்கில் ஓடி ரிலீஸில் விழும் செயலி, இந்த மாற்றத்தில் வழக்கமான காட்சி. ரிலீஸில் டிரிம்மர் பயன்படாததாகத் தோன்றும் நிரலை வெட்டிவிடுகிறது. ரிஃப்ளெக்ஷன் வழியாக மட்டுமே தொடப்படும் வகுப்புகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. முழு டிரிம்மிங் இயக்கப்பட்டிருந்தால், ஜேசனிலிருந்து உருவாக்கப்படும் மாடல்கள் முதல் பலி: விழாமலே, எல்லாப் புலங்களும் காலியாக வரும்.

டிரிம்மிங்கை மொத்தமாக அணைத்துவிடுவது பலர் எடுக்கும் குறுக்குவழி. காரணம் அதுதானா என்று அறிய அணைத்துப் பாருங்கள், தவறில்லை. உறுதியானதும் திரும்ப இயக்கி, அந்த வகுப்புகளை மட்டும் காக்கச் சொல்லுங்கள், அல்லது சோர்ஸ் ஜெனரேட்டர் பயன்படுத்தும் ஜேசன் முறைக்கு மாறுங்கள்.

ஆண்ட்ராய்டில் இன்னொன்று. ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவை ஆதரிக்க வேண்டும் என்று கூகுள் பிளே 2025 நவம்பர் 1 முதல் கேட்கிறது. டாட்நெட்டின் சொந்தப் பகுதிகள் டாட்நெட் 9 முதலே சரியாக இருக்கின்றன. மாட்டிக்கொள்வது நேட்டிவ் லைப்ரரி சுமந்துவரும் மற்ற பேக்கேஜ்கள்: எஸ்க்யூலைட், ஸ்கியா ஷார்ப், வன்பொருள் எஸ்டிகேக்கள். மூன்றாம் படியின் பட்டியலில் இதற்கும் ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

12. வெளியீடு

இரண்டு ஸ்டோர்களிலும் படிப்படியாகத் திறக்கும் வசதி உண்டு. பிளேயில் சதவீதத்தை நீங்களே கூட்டலாம். ஆப் ஸ்டோர் ஏழு நாட்களில் பரப்பும், நடுவில் நிறுத்திவைக்கலாம். இரண்டையும் பயன்படுத்துங்கள். ஆனால் பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் எங்கும் இல்லை. ஸாமரினில் பில்ட் செய்து திரும்ப அனுப்பவும் முடியாது. ஆகவே அவசரத் திருத்தத்தை ஒரே நாளில் அனுப்பும் தானியங்கி பில்ட் தயாராகும்வரை வெளியீட்டைத் தொடங்காதீர்கள்.

முதல் சில நாட்கள் கிராஷ் எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பாருங்கள்: அப்டேட் ஆன பிறகு உள்நுழைவுத் திரையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர். ஒன்பதாம் படி தவறியிருந்தால் அது கிராஷாகத் தெரியாது, இந்த எண்ணில்தான் தெரியும்.

பழைய தரவை நகர்த்தும் நிரலை அடுத்த பதிப்பிலேயே நீக்கிவிடாதீர்கள். மாதக்கணக்கில் செயலியைத் திறக்காதவர்கள், ஒருநாள் நேராக ஸாமரின் பதிப்பிலிருந்து உங்கள் மூன்றாவது மௌயி பதிப்புக்குத் தாவுவார்கள். அந்த நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு நிகழ்வைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு வருவது நின்றுபோன பிறகு நீக்கலாம்.